கை கழுவிய கதை

(ஓர் அறிவியல் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் அழகாகப் பேசினார். அறிவியல் ஒரு கத்தி மாதிரி. அதைக் கொண்டு காயும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம். குற்றம் கத்தியை அடித்துக் கொடுத்த கொல்லன்மேல் இல்லை, பிடித்த கைமேல்தான் என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. இந்தக் கத்திக் கதையைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா வரைக்கும் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அதை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் மைக் முன்னால் நிற்கிறேன்.

விஞ்ஞானியின் பொறுப்பு என்று தலைப்புக் கொடுத்தால் உடனே எல்லோருக்கும் அணுகுண்டு ஞாபகம் வரும். ஓப்பன்ஹைமர், ஹிரோஷிமா, சமீபத்தில் வந்த சினிமா. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அணுகுண்டு நமக்கெல்லாம் வசதியான உதாரணம். செய்தவர்கள் எங்கோ ஒரு பாலைவனத்தில், உலகப் போர் நடந்தபோது, ராணுவக் காவலுக்குள் இருந்தவர்கள். நம்மில் யாரும் அந்த நாற்காலியில் போய் உட்காரப்போவதில்லை. அவர்களுக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு வேண்டியது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற உதாரணம். மாதச் சம்பளம், நல்ல ஆய்வகம், காப்புரிமை, பதவி உயர்வு, பதக்கம் எல்லாம் இருக்கிற இடத்தில், போர் இல்லாத காலத்தில், பட்டப்பகலில் நடந்த காரியம். பெட்ரோலில் ஈயம் கலந்த கதை.

ஈயம் என்றதும் தாய்மார்கள் ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம், கடைக்காரர் கலப்படம் செய்யாத வரைக்கும். நான் சொல்வது காரீயம்.

1921ஆம் ஆண்டு டிசம்பர் 9. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்கிற ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆய்வகம். தலைவர் சார்லஸ் கெட்டரிங். அவருக்குக் கீழே தாமஸ் மிட்ஜ்லி என்கிற இளைஞர். படித்தது மெக்கானிகல் இன்ஜினியரிங், வேதியியல் தானாகக் கற்றுக்கொண்டது. அவர்களுக்கு முன்னால் இருந்த பிரச்சினை நாக்கிங். என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை நன்றாக அழுத்தினால் சக்தி கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் அது முறையாக எரியாமல், கண்ட நேரத்தில் வெடித்து, சுத்தியலால் அடிப்பதுபோல் டக்டக்கென்று சத்தம் கொடுக்கும். என்ஜின் பாழாகும். இதை அடக்க என்ன கலக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கூட்டுப்பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தபோது சத்தம் அடங்கியது. ஏறத்தாழ 1300 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு போதும். ஆய்வகத்தில் கொண்டாட்டம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நாக்கிங்கை அடக்க வேறு வழியே இல்லையா? இருந்தது. எத்தில் ஆல்கஹால். சாராயம் வடிக்கிற அதே பொருள். அதைக் கலந்தாலும் சத்தம் அடங்கும் என்று மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் நன்றாகத் தெரியும். ஆல்கஹால் கலந்த எரிபொருளை அவர்களே புகழ்ந்து பேசியும் இருக்கிறார்கள். ஆனால் ஆல்கஹாலில் ஒரு பெரிய குறை. அதை எந்த விவசாயியும் சோளத்திலிருந்து வடித்துவிடலாம். யாரும் அதற்குக் காப்புரிமை வாங்கி உலகம் முழுக்க லிட்டருக்கு லிட்டர் கப்பம் வசூலிக்க முடியாது. தவிர, அதை நிறையக் கலக்க வேண்டும். அந்த அளவுக்குப் பெட்ரோல் விற்பனை குறையும். எண்ணெய்க் கம்பெனிக்கு அது கசக்குமா இனிக்குமா? ஈயம் சொட்டுக் கணக்கில் போதும், காப்புரிமையும் கையில் இருக்கும். ஈயம் ஜெயித்தது. இன்று நம் ஊர் பங்க்கில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துதான் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். மைலேஜ் குறைகிறது என்று நீங்கள் புலம்புவது எனக்குத் தெரியும், அது வேறு சண்டை. நூறு வருடத்துக்கு முன்னால் முடியாது என்று ஒதுக்கிய பொருளை ஊற்றிக்கொண்டுதான் இன்று உங்கள் வண்டி வெளியே நிற்கிறது.

காரீயம் விஷம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது என்று சொல்வார்கள். பச்சைப் பொய். ஈயக் குழாயில் வரும் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அதே 1921இல், டேட்டனில் கொண்டாட்டம் நடப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூடி, கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈயவெள்ளைப் பெயின்ட் அடிப்பதைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பெயின்டர்கள் கை விழுந்து, வயிற்றுவலியில் துடித்துச் சாவதை ஐரோப்பா பார்த்திருந்தது. டெட்ராஎத்தில் லெட் அதைவிடக் கொடியது. சாதாரண ஈயத்தை மூச்சில் இழுக்க வேண்டும் அல்லது விழுங்க வேண்டும். இது தோல் வழியாகவே உள்ளே இறங்கும், கொழுப்பில் கரையும், நேராக மூளைக்குப் போகும். எச்சரித்து நிபுணர்கள் கடிதம் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1923 தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் படுத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு, நல்ல காற்று வேண்டும் என்று ஃபுளோரிடாவுக்குப் போனார். அதே ஆண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு நிக்கல்ஸ் பதக்கம் கொடுத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் டேட்டன் நகரத்துப் பங்க்கில் விற்பனையும் தொடங்கிவிட்டது. எத்தில் என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில் ஈயம் என்ற பேச்சே கிடையாது.

இனிமேல்தான் கதை. நியூஜெர்சியில் பேவே என்ற இடத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி ஒரு பட்டறை போட்டு இந்தத் திரவத்தைத் தயாரித்தது. 1924 அக்டோபர் கடைசி வாரம். வேலை செய்தவர்களுக்குப் புத்தி பேதலித்தது. ஒருவர் யாரோ தன்னைத் துரத்துவதாகக் கத்திக்கொண்டு ஓடினார். சிலரைக் கட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த 49 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 5 பேர் செத்தார்கள். சில நாளுக்குள் எல்லாம் முடிந்தது. டூபான்ட் கம்பெனியின் டீப்வாட்டர் ஆலையில் ஏற்கெனவே சாவு விழுந்திருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் பிடித்துக்கொண்டிருப்பார்களாம், அதனால் அந்தக் கட்டடத்துக்கே பட்டாம்பூச்சி வீடு என்று பெயர். டேட்டனிலும் இரண்டு பேர். பேவேயில் செத்தவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, அதிகமாக உழைத்ததால் புத்தி கலங்கியிருக்கலாம் என்று கம்பெனிக்காரர் ஒருவர் சொன்னார். தொழிலாளி உழைத்துச் செத்தான் என்று சொன்னால் அதற்கும் நாம் கைதட்டுவோம் என்று நினைத்திருப்பார்.

நியூயார்க் நகரம் விற்பனைக்குத் தடை போட்டது. வேறு சில இடங்களிலும் தடை. பத்திரிகைகள் பைத்தியக்கார வாயு என்று கொட்டை எழுத்தில் போட்டன. அக்டோபர் 30ஆம் தேதி பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். யார் வந்து உட்கார்ந்தது? கம்பெனி முதலாளியா, வக்கீலா? இல்லை, தாமஸ் மிட்ஜ்லி. ஒரு பாத்திரத்தில் டெட்ராஎத்தில் லெட் கொண்டுவரச் சொன்னார். நிருபர்களின் கண்ணெதிரே அதில் கையைக் கழுவினார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அதை மூக்குக்கு அருகே ஒரு நிமிடம் வைத்து முகர்ந்தார். இதைத் தினமும் செய்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்கிற மாதிரிப் பேசினார். ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால் இதே பொருளால் படுக்கையில் விழுந்த அதே மனிதர்.

தமிழில் கை கழுவுவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் என் நண்பரின் கத்தி உடைகிறது. கத்தியைத் தவறாகப் பிடித்தால்தான் கழுத்து அறுபடும். ஈயப் பெட்ரோலை யார் தவறாகப் பயன்படுத்தினார்கள்? எவனாவது அதைக் குடித்தானா? வண்டியில் ஊற்றினார்கள், சாவியைத் திருப்பினார்கள், ஆபீஸுக்குப் போனார்கள். எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே, எப்படி ஊற்றச் சொன்னார்களோ அப்படியே ஊற்றினார்கள். புகைக்குழாய் வழியாக ஈயம் பொடியாக வெளியே வந்து தெருவில் படிந்தது. தெருவில் விளையாடிய குழந்தை விரலை வாயில் வைத்தது. பிடித்த கை என்று இங்கே யாரைக் காட்டுவீர்கள்? அந்தக் குழந்தையின் கையையா?

இன்னொன்றும் பாருங்கள். கொல்லன் கத்தியை விற்றுவிட்டு உலைக்குத் திரும்பிவிடுகிறான். மிட்ஜ்லி திரும்பவில்லை. தன் விஞ்ஞானி என்ற மதிப்பை எடுத்துக்கொண்டு போய் விற்பனை மேசையில் வைத்தார். பொதுமக்கள் கம்பெனியை நம்பவில்லை, அவரைத்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காசாக்கிய பிறகு, நான் கண்டுபிடித்ததோடு சரி என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

1925 மே மாதம் அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி வாஷிங்டனில் ஒரு மாநாடு கூட்டினார். ஒரே நாள்தான் நடந்தது, ஆனால் அந்த நூற்றாண்டின் பாதி அங்கே தீர்மானமாகிவிட்டது. தொழிற்சாலை நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் வந்திருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிரியப் பணியில் அமர்த்திய முதல் பெண். பட்டறைக்குள் இருக்கிறவனை வேண்டுமானால் கவசம் போட்டுக் காப்பாற்றலாம், தெருவையே ஈயத்தால் நிரப்பினால் ஊரை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஈயத்துக்கு மாற்றாக வேறொன்றைத் தேடுங்கள் என்றும் சொன்னார். ஸ்டாண்டர்டு ஆயில் பிரதிநிதி எழுந்து, இது கடவுள் கொடுத்த வரம் போன்றது என்றார். பிறகு ஒரு குழு போட்டார்கள். 252 பேரைப் பரிசோதித்தார்கள், சில மாதத்தில் முடித்தார்கள், தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றார்கள். நீண்ட காலத்தில் பாதிப்பு வரலாம், அரசாங்கம் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று அவர்களே எழுதியும் வைத்தார்கள். அந்தக் கடைசி வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராய்ச்சி கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

என் கோபம் முழுக்க மிட்ஜ்லிமேல் என்று நினைக்காதீர்கள். அவரைவிட எனக்கு அதிகம் கோபம் வருவது இன்னொருவர்மேல். ராபர்ட் கெஹோ, மருத்துவர். இந்த ஈயத் திரவத்தை விற்ற எத்தில் கம்பெனியின் மருத்துவ ஆலோசகர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கெட்டரிங் பெயரில் ஓர் ஆய்வகம். அதற்கும் அவரே தலைவர். அதற்குப் பணம் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட், எத்தில். நாற்பது வருடம் ஈயத்தைப் பற்றிய அறிவு அமெரிக்காவில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அவர் வாதம் எளிமையானது: ஆபத்து இருக்கிறது என்று நிரூபி, நிறுத்துகிறோம், ஊகத்தைக் கொண்டு வராதே. கேட்பதற்கு எவ்வளவு அறிவியலாக இருக்கிறது! ஆனால் நிரூபிக்கிற ஆய்வகம் யாரிடம் இருக்கிறது? அவரிடம். பணம்? அவர் எஜமானரிடம். அதுவரைக்கும் பரிசோதனை எலி யார்? ஊரிலுள்ள குழந்தைகள். பாதுகாப்பானது என்று விற்கிறவன் நிரூபிக்க வேண்டிய கடமையை, பாதிக்கப்பட்டவன் தலையில் தூக்கி வைத்த சாமர்த்தியம் அது.

ஈயம் மனித உடம்பில் இயற்கையாகவே இருக்கிறது என்பது கெஹோவின் இன்னொரு தூண். அதற்காக மோட்டார் வாகனம் அதிகம் எட்டாத மெக்ஸிகோ கிராமம் ஒன்றுக்குப் போய் அங்கிருந்த மக்களைப் பரிசோதித்தார். பாருங்கள், கார் இல்லாத இடத்திலும் ஈயம் இருக்கிறது என்றார். அந்த மக்கள் சாப்பிட்ட மண்பாத்திரங்களின் மெருகுப் பூச்சிலேயே ஈயம் இருந்தது.

இந்தத் தூணை அசைத்தவர் ஈயப் பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள். கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது என்ன என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டவர். விண்கல்லில் இருக்கிற ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்து 455 கோடி ஆண்டு என்று 1956இல் வெளியிட்டார். இன்றைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். அதை அளக்கிற வழியில் அவருக்கு ஒரு தலைவலி. ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் ஈயம். மேசை, தூசி, தலைமுடி, தண்ணீர், எல்லாவற்றிலும். கண்ணுக்குத் தெரியாத தூசியைக்கூட வடிகட்டுகிற சுத்தமான அறையைக் கட்டி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டு போய் வேலை செய்தார். பூமியின் வயது கிடைத்ததும் வேறு யாராக இருந்தாலும் ஊர் ஊராக மாலை வாங்கப் போயிருப்பார்கள். அவர், இந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடக் கிளம்பினார். கடலின் மேல்மட்டத் தண்ணீரில் ஈயம் அதிகம், ஆழத்தில் குறைவு. அப்படியென்றால் சமீபத்தில்தான் மேலிருந்து விழுந்திருக்கிறது. கிரீன்லாந்தில் அடுக்கடுக்காக உறைந்த பனியை வெட்டி எடுத்துப் பார்த்தார். 1940க்குப் பிறகு அளவு செங்குத்தாக ஏறியிருந்தது. பெரு நாட்டின் பழங்கால எலும்புக்கூடுகளை நம் எலும்போடு ஒப்பிட்டார். நம் உடம்பில் பல நூறு மடங்கு. எல்லோரிடமும் இருக்கிறது என்பதால் அது இயற்கை ஆகிவிடாது என்று 1965இல் அவர் எழுதினார்.

அவருடைய கடல் ஆராய்ச்சிக்கு அதுவரை பணம் கொடுத்து வந்ததே அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் சங்கம்தான்! பணம் நின்றது. அரசாங்க ஒப்பந்தம் ஒன்றும் நீட்டிக்கப்படவில்லை. 1971இல் தேசிய ஆராய்ச்சிக் குழு காற்றில் ஈயம் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தபோது, உலகத்திலேயே ஈயத்தை மிகத் துல்லியமாக அளக்கத் தெரிந்த மனிதரை அந்தக் குழுவில் சேர்க்கவில்லை. அவர் வாயை மூடவில்லை. 1966இல் செனட்டர் மஸ்கியின் விசாரணையில் ஒரு பக்கம் கெஹோ, இன்னொரு பக்கம் பேட்டர்சன். இரண்டு பேரும் விஞ்ஞானிகள். கத்தி, கொல்லன், பிடித்த கை என்கிற கணக்கில் இந்த இரண்டு பேருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

ஈயம் உடம்பில் என்ன செய்கிறது என்று மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. சுண்ணாம்புச்சத்து போல வேடம் போட்டுக்கொண்டு எலும்புக்குள் போய் உட்காரும். கர்ப்பிணியின் எலும்பு கரையும்போது அதுவும் கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பல்லில் ஈயம் அதிகமுள்ள குழந்தைக்குப் படிப்பும் கவனமும் குறைகின்றன என்று 1979இல் காட்டினார். அவர் மோசடி செய்தார் என்று பிறகு குற்றம் சாட்டினார்கள். அப்படிச் சாட்டியவர்கள் ஈயத் தொழிலுக்காகச் சாட்சி சொன்னவர்கள். விசாரணை நடந்து, மோசடி இல்லை என்றானது. ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்கிற அளவே கிடையாது என்பதுதான் இன்று உலக சுகாதார அமைப்பின் நிலை.

எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. எழுபதுகளின் இறுதிக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி ரத்த ஈயம் 78 சதவீதம் இறங்கியது. நிரூபி, நிரூபி என்று கேட்டார்களே, இதோ நிரூபணம். ஐம்பது வருடம் தாமதமாக. 1996 ஜனவரி முதல் அங்கே சாலை வாகனங்களில் ஈயப் பெட்ரோலுக்கு முழுத் தடை. பேட்டர்சன் அதற்குச் சில வாரங்கள் முன்னால் காலமானார்.

நமக்கு எப்போது விடிந்தது? 2000 பிப்ரவரியில். இந்த அரங்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், நான் உட்பட, மிட்ஜ்லியின் ஈயத்தைக் கொஞ்சம் எலும்பில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். பணக்கார நாடுகள் நிறுத்திய பிறகு ஏழை நாடுகளுக்கு விற்றார்கள். இன்னோஸ்பெக் என்று ஒரு கம்பெனி. ஈராக்கிலும் இந்தோனேசியாவிலும் ஈயம் தொடர்ந்து வாங்கப்பட வேண்டும் என்பதற்காக அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததை 2010இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021 ஜூலையில். கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணினால் நூறு வருடத்துக்குச் சில மாதம்தான் குறைவு.

மிட்ஜ்லியின் முடிவைப் பற்றிச் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போலியோவால் கால் முடங்கியது. படுக்கையிலிருந்து எழுந்திரிக்கத் தானே கயிறும் கப்பியும் வைத்து ஒரு கருவி செய்தார். 1944இல் அந்தக் கயிற்றிலேயே சிக்கி இறந்துகிடந்தார். தெய்வம் நின்று கொன்றது என்று ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. ஒரு நோயாளியின் சாவு பேவேயில் செத்த ஐந்து பேருக்கு நியாயம் ஆகாது. தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டதால்தான் நூறு வருடம் ஆனது.

அவருக்காகவும் ஒன்று பேச வேண்டும். அவர் பெயரில் இன்னொரு பழியும் இருக்கிறது: ஃபிரியான். குளிர்பதனப் பெட்டியில் அப்போது அம்மோனியாவும் சல்ஃபர் டைஆக்ஸைடும் இருந்தன, கசிந்தால் ஆபத்து. தீப்பிடிக்காத, விஷமில்லாத வாயு ஒன்றைக் கண்டுபிடித்து, 1930இல் அதை மூச்சில் இழுத்து ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நாற்பத்து நான்கு வருடம் கழித்து, 1974இல், அது வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று ரோலண்டும் மொலினாவும் கண்டுபிடித்தார்கள். இந்த வழக்கில் மிட்ஜ்லியை நான் விடுதலை செய்கிறேன். 1930இல் அதை யாராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஓசோன் வழக்கு 1974க்குப் பிறகு வாயை மூடிக்கொண்டவர்கள்மேல்தான். ரோலண்டும் மொலினாவும் கட்டுரையை அச்சிட்டுவிட்டு அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விடவில்லை. இதை நிறுத்துங்கள் என்று வெளியே வந்து சொன்னார்கள். அந்த வாயுவை டப்பாவில் அடைத்து விற்ற ஸ்ப்ரே தொழில் அவர்களைத் திட்டித் தீர்த்தது. 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் கையெழுத்துப் போட்டன. ஆகவே, எதிர்காலத்தில் வருவதையெல்லாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று எந்த விஞ்ஞானியையும் நான் கேட்கவில்லை. ஜோசியம் பார்ப்பது அவர் தொழில் இல்லை. தெரிந்த அன்றைக்கு என்ன செய்தாய் என்று மட்டும்தான் கேட்கிறேன். ஈய வழக்கில் மிட்ஜ்லிக்கு அந்த அன்றைக்கு என்பது ஃபுளோரிடாவில் படுத்திருந்த நாள்.

நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்திருப்பான் என்று அங்கே ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. செய்திருப்பான். அப்போது அவனைப் பற்றி இந்த மேடையில் பேசியிருப்பேன், உன்னைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

அடுத்த கேள்வி இதைவிடக் கனமானது. கல்விக் கடன் இருக்கிறது, அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் பாக்கி. கம்பெனியில் சேர்ந்த மறுமாதமே எதிர்த்துப் பேச முடியுமா? முடியாது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளையிடம் தியாகம் கேட்க எனக்கு வாயில்லை. பேவேயில் பைத்தியம் பிடித்துச் செத்த தொழிலாளிக்கும் சம்பளம்தான் தேவைப்பட்டது. கேள்வி மேலே இருக்கிறவர்களுக்கு. கெஹோ கூலிக்காரர் இல்லை. ஆய்வகத்தின் தலைவர், பேராசிரியர், நாடே கேட்கிற வாய் அவருடையது. எவ்வளவு தெரியுமோ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ, அவ்வளவு பொறுப்பு. ஆகவே, பின்னால் நிற்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு, இந்த மேடையில் என்னோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிறேன். கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கிறீர்கள், ஆலைக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தருகிறீர்கள், ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். போடுவதற்கு முன்னால் கெஹோவை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வருகிறது. தயாரிக்கிற கம்பெனியே சோதித்து, கம்பெனியே பாதுகாப்பு அறிக்கையும் எழுதிக்கொள்கிறது. 1925இல் நடந்ததும் இதேதான்.

பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொறியியல் வேதியியல் புத்தகத்தில் ஆக்டேன் எண்ணும் டெட்ராஎத்தில் லெட்டும் இன்றும் இருக்கின்றன. நான் பார்த்த புத்தகங்களில் சுற்றுச்சூழல் மாசு என்று அரை வரி உண்டு. பேவே இல்லை, பேட்டர்சன் இல்லை. இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து, இரண்டு மதிப்பெண்ணோடு போய்விடுகிறது.

பெட்ரோலில் ஈயம் போய்விட்டது, இனிப் பழங்கதை என்று எழுந்துவிடாதீர்கள். 2020இல் யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் உலகத்தில் 80 கோடி, அதில் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. பழைய பேட்டரிகளைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்குவது ஒரு முக்கியக் காரணம். இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்தால் காயலான் கடைக்குப் போடுகிறோம். அது எங்கே போய் உருகுகிறது என்று கேட்பதில்லை. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. கடையில் விற்கிற டப்பாவை வாங்கிச் சோதித்துப் பார்க்க நம் கல்லூரிகளில் கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது. செய்கிறோமா?

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று மாலை நிறைவேற்றப்போகிற தீர்மானத்தின் நகலைப் பார்த்தேன். அறிவியல் மனப்பான்மை வளர வேண்டும் என்று இருக்கிறது. வளரட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. அதோடு இரண்டு வரி சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மன்றத்தின் உறுப்பினர் எவரும் வெளியிடுகிற ஆய்வறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதற்குப் பணம் கொடுத்தது யார் என்பதை அச்சிட வேண்டும்; பின்பக்கத்து நன்றியுரையில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கக் கூடாது. இரண்டாவது, பேட்டரி உருக்கும் பட்டறைகளுக்கு அருகே இருக்கிற பள்ளிக்கூட மண்ணை எடுத்து ஈயம் சோதித்து, முடிவை அந்தப் பெற்றோர்களிடம் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் தடுத்தாலும் கொடுக்க வேண்டும். மண் அள்ளிவர நான் வருகிறேன், மண்வெட்டி மன்றம் வாங்கித் தரட்டும்.